குளம்பு தேயாத வழி

கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில் கொளஞ்சியம்மாள் குளம்பு சீவ உட்கார்ந்தாள். மாமியார் கைவிட்ட வேலை மருமகள் கைக்கு வந்திருந்தது. செம்மறியைச் சாய்த்துக் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வளைந்த கத்தியால் குளம்பின் ஓரத்தைச் சீவ வேண்டும். ரத்தம் எட்டிப் பார்த்தால் வேப்பெண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். அறுபது ஆடு, இருநூற்று நாற்பது கால். பத்தாவது ஆட்டுக்கே அவளுக்கு மணிக்கட்டு கடுக்கத் தொடங்கிவிட்டது.

கடுப்பு ஒரு பக்கம் இருக்க, மனசைக் குடைந்தது வேறொன்று. அவள் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு மேற்கே. அப்பா வீட்டிலும் ஆடு உண்டு. ஆனால் குளம்பு சீவுவது என்று ஒரு வேலை இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. கல்லும் சரளையும் தானாகத் தேய்த்துவிடும். இங்கேயோ, இரண்டரை மாதம் வழிநடந்து திரும்பிய ஆட்டுக்குக் குளம்பு முன்னால் நீண்டு, மேலே வளைந்து நிற்கிறது.

"இன்னாய்யா இது? ஆட்ட நடத்திக்கினு போனியா, தூக்கிக்கினு போனியா?" என்று புருஷனைக் கேட்டாள்.

பொன்னுரங்கம் அதிகம் பேசாதவன். கயிறு திரித்துக்கொண்டே சொன்னான். "மணல்ல நடந்தா எப்டி தேயும்? கடலோரம் பூரா மணலு. முள்ளு கெடையாது, கல்லு கெடையாது. தூங்கிக்கினே நடக்கலாம்."

"மேடே இல்லாத வழியா?"

"இல்ல."

"திருப்பம்?"

"அதுவும் இல்ல. நேரா போவ வேண்டிதுதான்."

"நேரா போறதுக்கு எதுக்குய்யா வழின்னு ஒரு பேரு?"

பொன்னுரங்கம் சிரித்துவிட்டுக் கயிற்றைத் தொடர்ந்து திரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மலையடிவாரத்தில் வழி சொல்வதென்றால் திருப்பத்தைத்தான் சொல்வார்கள். மூன்றாவது திருப்பத்தில் கடுக்காய் மரம், அதைத் தாண்டி இறங்கினால் ஓடை, ஏறினால் ஊர். திருப்பமே இல்லாத வழியில் ஒருவன் தான் எங்கே இருக்கிறோம் என்று எதைக்கொண்டு அறிவான்? கத்தியை ஆட்டின் காலில் வைத்தபடி அன்றைக்கு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் பொன்னுரங்கம் வீட்டுக்கு நிலமென்று ஒரு சாண் கிடையாது. ஆடுதான் நிலம். தை அறுப்பு முடிந்ததும் கீழ்ப்பக்கத்து நெல்வயல்காரர்கள் ஆட்டுப்பட்டி கேட்பார்கள். ராத்திரியில் வயலில் ஆட்டை அடைத்தால் புழுக்கை உரமாகும். ஆட்டுக்காரனுக்கு நெல் கிடைக்கும். விருத்தாசலம் தாண்டி, பரங்கிப்பேட்டைப் பக்கம் போய், அங்கிருந்து வடக்கே ஊர் ஊராகப் பட்டி போட்டுக்கொண்டே கடலூர்வரை போவார்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நகர்கிறபோதுதான் வம்பு வரும். பட்டி கேட்காத மற்ற வயலிலெல்லாம் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். ஓர் ஆடு வாய் வைத்தால் போதும், ஆட்டுக்காரனைப் பிடித்து மரத்தில் கட்டிவிடுவார்கள். ரோட்டில் போகலாமென்றால் லாரி. மிச்சமிருந்தது கடலோரம் ஒன்றுதான். அங்கே மேய ஒன்றுமில்லை. அதனாலேயே சண்டையும் இல்லை.

இரண்டாவது வருடம் கொளஞ்சியம்மாள் கேட்டாள். "நானும் வர்றேன்யா. ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"பொம்பள நடக்கற வழியில்ல அது" என்றான் பொன்னுரங்கம்.

அந்த வருடம் மகள் பாப்பாத்தி கைக்குழந்தை. பிறகு மாமியார் படுத்த படுக்கை. பிறகு பாப்பாத்தி வயதுக்கு வந்தாள். அவளையும் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஒவ்வொரு தையிலும் காரணம் மாறியது. 'பொம்பள நடக்கற வழியில்ல' என்கிற வாக்கியம் மட்டும் மாறவே இல்லை. அவளும் ஒவ்வொரு தையிலும் கேட்பதை விடவில்லை.

போக முடியாதவள் விசாரிக்கத் தொடங்கினாள். சித்திரையில் பட்டிக்காரர்கள் திரும்பியதும், அவர்கள் வீட்டு ஆடுகளுக்கும் அவளே குளம்பு சீவினாள். கூலியாகக் கேட்டதெல்லாம் பேச்சுத்தான். ஆட்டைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து போகவும் முடியாது.

"வேடியப்பண்ணே, கடலு எந்தக் கைப் பக்கம் இருக்கும்?"

வேடியப்பன் அடுத்த தெருக்காரன், இன்னொரு பட்டிக்கு உடையவன். "வடக்க போவ சொல்ல சோத்துக்கை பக்கம். ஏம்மா, நீ இன்னா வந்து குடித்தனம் பண்ணப் போறியா?"

"அது போவட்டும். மணலு பூரா ஒரே மாதிரியா இருக்கும்?"

இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மணல் மூன்று வகை என்பது அவளுக்குத் தெரிந்தது. மேலே வெள்ளையாகக் கிடக்கும் காய்ந்த மணல் காலை உள்ளே வாங்கும். கால் மைல் நடந்தால் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும். அலை வந்து நக்கும் இடம் தரை மாதிரி கெட்டி, ஆனால் ஆடு அலைக்கு மிரளும். இரண்டுக்கும் நடுவில், சிப்பியும் பாசியும் கோடு போட்டது போல ஒதுங்கிக் கிடக்கும் ஈர மணல்தான் நடக்கத் தோதானது. நாயைக் கடல் பக்கம் விட்டு, ஆட்டை அந்தக் கோட்டோடு ஓட்ட வேண்டும். தாழம்புதர் அடியில் கையளவு ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். உப்புக் கரிப்பதற்குள் ஆட்டுக்குக் காட்டிவிட்டு நகர வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பி மணலை வாரி ஆட்டின் கண்ணில் போடும். அதற்கு முன்னால் அன்றைய நடையை முடித்துவிட வேண்டும்.

முதல் சித்திரையில் எழுந்த கேள்விக்கு ஆறாவது வருடம்தான் விடை கிடைத்தது. வேடியப்பன் போகிற போக்கில் சொன்னான். "குப்பம் வந்தா கருவாட்டு நாத்தம் கொடலப் பொரட்டும் தங்கச்சி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பரங்கிப்பேட்டையிலேர்ந்து கடலூர்க்கு எத்தினி எடத்துல அந்த நாத்தம் வரும்?"

வேடியப்பன் விரல்விட்டு எண்ணினான். "பதினொண்ணு."

"அப்பிடிச் சொல்லு! மலையில நாங்க திருப்பத்த எண்ணுவோம். அங்க நாத்தத்த எண்ணணும்."

அதற்குப் பிறகு அந்த வழி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆளாளுக்குத் தன் பட்டி நின்ற இடம் மட்டும்தான் தெரியும். அவளுக்கு எல்லார் இடமும் தெரியும். மூன்றாம் குப்பத்துக்கு அப்பால் தாழம்புதர் உண்டா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால், "கொளஞ்சி கிட்ட போங்கடா" என்று அனுப்பிவிடுவார்கள். "உண்டு. ஆனா போன வருசம் வெட்டிட்டாங்க, நாலாங்குப்பத்துல தோண்டுங்க" என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வாள். கடலைக் கண்ணால் பார்க்காத ஒருத்தி கடலோரத்துக்கு வழி சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கேட்டபடி போனால் தண்ணீர் ஊறும்.

ஒரே ஓர் இடம்தான் கணக்கில் உட்காராமல் இடறியது. ஏழாம் குப்பத்தைத் தாண்டி ஓர் ஓடை வந்து கடலில் விழுகிறது. அதை இறங்கித்தான் கடக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் பொன்னுரங்கம் கணுக்கால் என்றான். வேடியப்பன் இடுப்பு என்றான். ஒரே ஓடை எப்படி இரண்டு ஆழம் காட்டும்?

கொளஞ்சியம்மாள் இதை விடவில்லை. யார் எந்த மாதம் அந்த ஓடையைத் தாண்டினார்கள் என்று விசாரித்தாள். வேடியப்பன் பட்டி முன்னால் புறப்படும், மாசியிலேயே தாண்டிவிடும். பொன்னுரங்கம் நின்று நிதானமாகப் போகிறவன், பங்குனியில்தான் தாண்டுவான். விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஆறெல்லாம் அப்படித்தான். கோமுகியில் தையில் முழங்கால் தண்ணீர் ஓடும், மாசியில் கொலுசு நனையும், பங்குனியில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிப்பார்கள். மழை நின்றால் ஆறு குறையும். இதில் என்ன அதிசயம்?

"ஆமாமா, நான் போறது மாசில இல்ல? அதான் ஜாஸ்தி" என்று வேடியப்பனும் ஒத்துக்கொண்டான். அத்தனை வருடம் அவனுக்கே தோன்றாத காரணம் அது. கேட்டதும் ஆதியிலிருந்தே தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் வந்து பதினெட்டாவது வருடத்துத் தையில், ஆட்டுக்குத் தழை வெட்ட வாகை மரம் ஏறிய பொன்னுரங்கம் கிளையோடு கீழே வந்தான். கணுக்காலுக்கு மேல் முறிவு. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாலு மாதத்துக்கு மண்ணில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார் வைத்தியர். வேடியப்பன் பட்டி புறப்பட்டுப் போய்விட்டது. மூங்கில்துறைப்பட்டில் ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் தம்பி சின்னராசுவை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். முப்பது வயதுக்காரன், ஆடு மேய்க்கத் தெரியும், கடல் தெரியாது.

"அண்ணே, சின்னசேலத்துல ரயில் நிக்குது. எல்லாத்துக்கும் ஒரு டிக்கெட்டு எடுத்துட்டா மத்தியானத்துக்கு கடலூர்ல எறங்கிக்கலாம்" என்றான் சின்னராசு.

"கெடா டிக்கெட்ட தின்னுடும். அப்பறம் ஒன்னத்தான் புடிச்சி உள்ள வெப்பாங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா, இந்தத் தபா நான் போறேனே. வழி எனக்குத்தான் தெரியும். தம்பி தொணைக்கு வரட்டும்."

கட்டிலில் கிடந்த பொன்னுரங்கம் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "எத்தினி வாட்டி சொல்றது? பொம்பள நடக்கற வழியில்ல. வாயால சொல்லி அனுப்பு, போதும்."

சின்னராசுவும் தலையை ஆட்டினான். "நீ கண்ண மூடிக்கினு சொல்லு அண்ணி. நான் கண்ணத் தொறந்துக்கினு போறேன்."

மூன்று நாள் அவனை உட்காரவைத்துச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள். எத்தனையாவது நாற்றத்தில் எந்தத் தோப்பு, எந்தக் குப்பத்து நாய் பொல்லாதது, எங்கே காய்ந்த மணலில் ஏறிச் சுற்ற வேண்டும் என்று ஒன்று விடவில்லை. ஓடைக்கு வந்ததும் அழுத்திச் சொன்னாள். "அவசரப்பட்டு மாசியில எறங்கிடாத. முன்னாடி ஊருங்கள்ல பத்து நாள் கூட தங்கு. பங்குனி பொறந்து நல்லா காயட்டும். அதுக்கப்பறம் எந்நேரம் எறங்கினாலும் கணுக்கால்தான்."

பொன்னுரங்கம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். அவன் கால் நனைந்ததெல்லாம் கணுக்கால்வரைதான். மறுக்க அவனுக்கு ஒன்றுமில்லை.

அறுபத்து நாலு ஆட்டோடும் ஒரு கூலியாளோடும் சின்னராசு போனான். சித்திரை பிறந்து ஆறாம் நாள் மத்தியானம் ஐம்பத்தேழோடு திரும்பினான்.

வாசலில் ஆடு நுழையும்போதே அவள் எண்ணிவிட்டாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கஞ்சி ஊற்றி வைத்தாள். வீடு என்பது ஒரே அறைதான். கட்டிலில் பொன்னுரங்கம், சுவரோரம் சின்னராசு, அடுப்படியில் அவள். சின்னராசு கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஓடையில போச்சி" என்றான். "ரெண்டு தாயாடு, அஞ்சி குட்டி. நீ சொன்ன மாதிரிதான் அண்ணி செஞ்சேன்."

ஏழு ஆடு. அவள் வாய் சொன்ன வழி. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட அவளால் முடியவில்லை.

"எந்த நாளு எறங்கின?"

"பங்குனி உத்தரம். பொழுது சாயற நேரம்."

"மழ கிழ பேஞ்சிதா?"

"ஒரு தூத்தல் இல்ல. எறங்க சொல்ல முழங்காலு. நடுவுல போவ சொல்ல இடுப்பு. கெடா திரும்பிக்கிச்சி. பின்னால வந்ததெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி... மயிரு நனைஞ்சி கனத்துப் போயி, நீந்தவே முடியல. குப்பத்து ஆளுங்க கட்டுமரம் போட்டு பத்து உருப்படிய இழுத்துக் குடுத்தாங்க. ஏழு கெடைக்கல."

"மழ இல்லாம தண்ணி எங்கேர்ந்து வந்துச்சி?"

"கடல்லேர்ந்து."

"கடல்லேர்ந்து ஓடைக்கா?" கையிலிருந்த அகப்பையை அவள் அப்படியே பிடித்திருந்தாள். "தலகீழாவா?"

"ஆமா. அந்த ஆளுங்களும் திட்டிக்கினே சொன்னாங்க. ஒரு நாளைக்கி ரெண்டு தபா ஏறுமாம், ரெண்டு தபா வடியுமாம். பௌர்ணமின்னா இன்னும் ஜாஸ்தி ஏறுமாம். மாசியா பங்குனியான்னு அதுக்கு கணக்கே இல்லியாம்."

கொளஞ்சியம்மாளோ மேலேயிருந்து கீழே போவதுதான் தண்ணீர் என்று பிறந்ததிலிருந்து நம்பியவள். கீழேயிருந்து மேலே, அதுவும் மழை தண்ணி இல்லாமல், நாளுக்கு இரண்டு தடவை. செத்துப்போன ஏழு ஆட்டுக்கு நடுவிலும் அந்த ஓடையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு இது தெரியுமாய்யா?"

"தெரியாது."

"பதினெட்டு வருசம் தாண்டியிருக்க. காலையில தாண்டியிருப்ப, சாயங்காலம் தாண்டியிருப்ப. ஒனக்கு மட்டும் எப்டி எப்பவும் கணுக்காலு?"

பொன்னுரங்கம் கட்டுப்போட்ட காலை நகர்த்தி வைத்துக்கொண்டான். "நானா எங்க பாத்து எறங்கினேன்? மீன்கார பொம்பளைங்க கூடைய தூக்கிக்கினு வருவாங்க. அவங்க எறங்கினா நானும் பின்னாலயே ஆட்ட எறக்கிடுவேன். அவங்க கரையில உக்காந்துட்டா நானும் உக்காந்துக்குவேன். வேடியப்பன் அவசரக்காரன், உக்கார மாட்டான்."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. யாரும் தள்ளி வைக்கவில்லை.

"பொம்பளைங்களா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ம்."

"எத்தினி பேரு?"

"இருப்பாங்க, பத்து, இருவது."

"தெனமுமா?"

பொன்னுரங்கம் வாயைத் திறக்குமுன் சின்னராசு சொல்லிவிட்டான். வழியில் பார்த்த ஒரே நல்ல காட்சி அதுதான் போலிருக்கிறது. முகம்கூடச் சற்றுத் தெளிந்தது. "தெனமுந்தான் அண்ணி. விடிய சொல்லவே வரிசையா வராங்க. குப்பத்துலேர்ந்து சந்தைக்கு ஆறேழு மைலு. தலையில மீன்கூட, இடுப்புல புள்ள, வாயில வெத்தல. அவங்க போற வேகத்துக்கு நம்ம நாயி நாக்கு தள்ளிப் போவுது."

"எதுல நடக்கறாங்க? மேல ரோட்டுலயா?"

"இல்லியே. நீ சொன்னியே, சிப்பிக் கோடு, அந்த ஈர மணல்லதான். காலங்காலமா அவங்க நடந்து நடந்துதான் அங்க நாமளும் நடக்கறோம். கரையில இவரு பேரயும் காலு ஒடிஞ்சதையும் சொன்னேன்; மறுநாளே அவங்க கேட்டாங்க, 'காலு எப்டி இருக்குது நைனார்பாளையத்தாருக்கு'ன்னு."

பொன்னுரங்கம் தம்பியை முறைத்தான். சின்னராசுவுக்குத் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விளங்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கஞ்சியில் வாயை வைத்துக்கொண்டான்.

கொளஞ்சியம்மாள் அகப்பையைச் சட்டிமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மணல கேட்டேன், சொன்ன. தண்ணிய கேட்டேன், சொன்ன. நாய்கூட எந்த ஊர்ல கடிக்கும்னு சொன்ன. இத மட்டும் சொல்லல."

"நீ கேக்கலியே" என்றான் பொன்னுரங்கம்.

"கேக்கல. பொம்பள நடக்கற வழியில்லன்னு நீ சொன்னதால, அங்க பொம்பள இருப்பான்னே எனக்குத் தோணல. அந்த ஒண்ண மறைச்சதுல ஏழு உருப்படி போச்சி. ஓடையில எறங்கறதுக்கு ஆளப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, தம்பிகிட்ட அதத்தான மொதல்ல சொல்லியிருப்பேன்?"

"மறைக்கவெல்லாம் இல்ல. அது ஒரு சேதியா?"

"எனக்கு சேதி."

வெளியே ஓர் ஆடு செருமியது.

"இனிமே நான் வழி சொல்றதா இல்ல" என்றாள் அவள். "பாக்காத வழிய சொன்னது போதும். வர்ற தையில நானே போறேன். தம்பி கூட வரட்டும். அந்தப் பொம்பளைங்க எந்த எடத்துல கூடைய எறக்கி வெச்சி உக்கார்றாங்களோ, அங்கியே நானும் உக்கார்றேன். அந்தத் தண்ணி எப்டி மேல ஏறுதுன்னு ஒரு நாளு பூரா பாக்கறேன். மூணு மாசமா நீ வூட்டோட இருந்து பழகிட்ட. அடுப்பு எங்க இருக்குது, அரிசி எங்க இருக்குதுன்னு ஒனக்கு இப்ப தெரியும். ரெண்டரை மாசம் வூட்ட நீ பாத்துக்க. இன்னா சொல்ற?"

பொன்னுரங்கம் தம்பியைப் பார்த்தான். தம்பி கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா சொல்ற?" என்று மறுபடியும் கேட்டாள்.

அவன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி ஊன்றுகோலை எடுத்தான். எழுந்து நிற்க ஒரு தடவை முயன்று, இரண்டாம் தடவை நின்றான். நல்ல காலை வாசற்படிக்கு வெளியே வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலை இழுத்துக்கொண்டு, ஆடுகள் நின்ற பக்கம் வெளியே போனான்.

"தை பொறந்ததும் வந்துடு தம்பி" என்றாள் கொளஞ்சியம்மாள் சின்னராசுவிடம்.